சூலுற்ற மகளிரின் பல்லும் ஈறும்: காவிரிப் படுகை வழக்காறுகள் குறித்த மருத்துவ வரலாற்று நோக்கு

தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) நிறுவிய தன்வந்திரி மகாலில் ஆய்ந்து தேர்ந்த மருந்து முறைகள், புலவர்களைக் கொண்டு தமிழ்ச் செய்யுள்களாக ஆக்கப்பட்டன. பிற்காலத்தில் சரசுவதி மகால் நூலகம் அவற்றைச் ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்னும் பொதுப்பெயரில் பல தொகுதிகளாக அச்சிட்டது. அவற்றுள் ஒன்று ‘கர்ப்பிணி பாலரோக சிகிச்சை’. இத்தலைப்பே வகைப்பாட்டு முறையொன்றைக் காட்டுகிறது. சூலுற்றவள் குழந்தையோடு சேர்த்து எண்ணப்படுகிறாள். பல்லும் ஈறும் உறுப்பு வழியாக நோயை வகுக்கும் வேறோர் இயலுக்கு உரியன. ஆகவே கருவுற்ற காலத்துப் பல்நல வரலாற்றை ஒரே நூலின் ஓர் இயலில் தேடுவது பயன் தராது. மசக்கை, பல்துலக்கல், வெற்றிலை எனச் சிதறிக் கிடக்கும் செய்திகளை இணைத்தே அதனைக் காண வேண்டியுள்ளது.

சங்கப் பாடல்கள் இரண்டு இங்குக் கருதத்தக்கன. குறுந்தொகை 287ஆம் பாடல் நிறைசூல் மகளிரின் புளி வேட்கையை உவமையாக்குகிறது. புறநானூறு 20ஆம் பாடலில் குறுங்கோழியூர் கிழார், சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் நாட்டு மண்ணை வயவுற்ற மகளிர் விரும்பி உண்பதன்றிப் பகைவர் கொள்ளார் என்னும் கருத்தைப் பாடுகிறார். பின்னது சேரநாட்டுச் செய்தி. எனினும் மண், அடுப்புச் சாம்பல், பச்சரிசி ஆகியவற்றின்மீது மசக்கையில் எழும் ஆசை காவிரிப் படுகைக்கும் புதிதன்று. புலவர்களின் நோக்கில் பல் இல்லை. ஆனால் புளியின் அமிலம் பற்சிப்பியை மென்மையாக்குவதும், மண்ணிலுள்ள பரல் அதனைத் தேய்ப்பதும் இன்று அறியப்பட்ட உண்மைகள். இத்தகைய வேட்கை இரும்புச்சத்துக் குறைவோடு தொடர்புடையதாகவும் மருத்துவர் காண்கின்றனர்.

நெல் விளையும் நாட்டில் பல்துலக்கும் பொருளும் நெல்லிலிருந்தே கிடைத்தது. உமியைக் கருக்கிப் பொடித்து உப்புச் சேர்த்தால் உமிக்கரி. காசு செலவில்லாதது, பல்லை வெண்மையாக்குவது, வாய் நாற்றத்தைப் போக்குவது எனப் பெயர் பெற்றது. அதன் ஆற்றல் முழுவதும் கரியில் இல்லை. உமியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பற்பொருள். அச்சாம்பலில் மிகப்பெரும் பகுதி சிலிக்கா. மணலின் அடிப்படைப் பொருளும் அதுவே. நல்ல நிலையிலுள்ள பல்லையே நாளடைவில் தேய்க்கவல்ல இப்பொடி, காலை வாந்தியால் இரைப்பை அமிலம் பட்டு மென்மையுற்ற பல்லில் உடனே தேய்க்கப்படும்போது தேய்மானம் மிகும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே உமிக்கரிதான். மசக்கைக்காரிக்கெனத் தனிப்பொடி எதுவும் இருந்ததாகத் தோன்றவில்லை.

பல்குச்சி மரபு இவ்விடத்தில் வியப்பூட்டும் ஒரு விதியைக் கொண்டுள்ளது. ஆசாரக்கோவை வைகறை ஒழுக்கங்களுள் ஒன்றாகப் பல்துலக்குதலைக் கூறுகிறது. சுசுருத சங்கிதையோ அதற்கு விலக்குகளையும் வகுக்கிறது: வாய்ப்புண், இருமல், விக்கல் உடையோரோடு வாந்தியுடையோரும் பல்குச்சியைத் தவிர்க்க வேண்டும். கருவுற்றவளைப் பெயர் சுட்டாமலே அவளது முதல் மூன்று மாதங்களை இவ்விதி உள்ளடக்கிவிடுகிறது. வாந்திக்குப் பின் நீராலோ, சமையல் சோடா கலந்த நீராலோ வாய் கொப்பளித்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே பல் துலக்குக என்பது இக்கால அறிவுரை. இரண்டும் ஒன்றெனக் கொள்வது மிகையாகும். பழைய நூல் விலக்குகிறது, புதியது ஒத்திப்போடுகிறது. பல்துலக்கலை அறவே விட்டால் ஈற்றோரத்தில் படிவு சேரும். கேடு பல்லிலிருந்து ஈறுக்கு மாறும்.

ஈறு வீங்கி, காரணமின்றிக் குருதி கசியும் ‘சீதாதம்’ என்னும் நோயைச் சுசுருதர் ஈற்றுநோய்களுள் வைக்கிறார். கருவுற்றோருக்கே உரிய ஈற்றழற்சியைப் பிரெஞ்சு மகப்பேற்று மருத்துவர் பினார் 1877இல் பதிவு செய்தார் எனப் பல் மருத்துவ நூல்கள் குறிக்கும். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் மிகுவதால் ஈறு சிறு படிவுக்கும் மிகையாக எதிர்வினை ஆற்றுகிறது. பிள்ளைக்கு ஒரு பல் போகும் என்று பல நாட்டு மகளிரும் நம்பியதன் வேர் இதுவாகலாம். கரு தாயின் பல்லிலிருந்து சுண்ணச்சத்தை உறிஞ்சுவதில்லை. கவனிக்கப்படாத ஈறே பல்லை ஆட்டுகிறது. 1996இல் ஆஃபன்பாக்கர் குழுவினர் ஈற்றுநோயைக் குறைமாதப் பேற்றோடு தொடர்புபடுத்தினர். 2006இல் வெளியான, 823 பெண்களை உட்படுத்திய அமெரிக்க ஆய்வில், ஈற்றுச் சிகிச்சை குறைமாதப் பேற்றைக் குறைக்கவில்லை. ஆயின் ஈறு நலம் பெற்றது. தாய்க்கும் சேய்க்கும் தீங்கு நேரவில்லை. கருவுற்றவள் பல் மருத்துவரிடம் செல்லலாகாது என்னும் அச்சத்திற்கு விடையாக இப்பின்பாதியே முதன்மையானது.

வெற்றிலையைத் தனித்துக் கூற வேண்டும். கும்பகோணம் வெற்றிலையும் சீவலும் படுகையின் அடையாளங்கள். விருந்திலும் மங்கலச் சடங்கிலும் அவை நீங்கா. தாம்பூலத்தில் வெற்றிலையைவிடப் பாக்கே ஐயத்திற்குரியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பாக்கைப் புற்று விளைப்பதென 2004இல் வகைப்படுத்தியது. புகையிலை சேர்ந்தால் கருவுக்கும் கேடு.

பல் சிகிச்சைக்கு மிக ஏற்ற காலம் நான்கு முதல் ஆறு மாதங்கள். வாந்தி தணிந்திருக்கும், நாற்காலியில் சாய்ந்திருப்பதும் கடினமாகாது. படுகையில் பெரும்பாலும் ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்து, முதற்பேற்றுக்குப் பெண் தாய்வீடு செல்கிறாள். புகுந்த ஊரில் ஈறு கசிந்ததைப் பார்த்த மருத்துவர் ஒருவர். பிறந்த ஊரில் பேறு பார்ப்பவர் வேறொருவர். முதலாமவர் எழுதிய சீட்டு அவளது பெட்டியில் சென்றால்தான் இரண்டாமவருக்கு எட்டும்.