தாழ்ந்த சுரத்தின் சரித்திரம்: பேஸ் கிற்றாரும் நம் ரொறன்ரோ நகரமும்

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் தேநீர் குடிக்கப் போன பின்பும் மேடையருகே சில வாலிபர் நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். எந்தத் தந்தி நல்லது, எந்த அம்பிளிஃபயர் தூக்க இலகு, அடுத்த நிகழ்ச்சிக்கு யாருடைய வாகனத்தில் பெட்டிகளை ஏற்றுவது என்று அவர்கள் பேச்சு நீளும். பெரியவர்கள் சிலருக்கு அந்தப் பேச்சும் விளங்குவதில்லை, அந்தக் கருவியின் முழக்கமும் பிடிப்பதில்லை. "ஓர்கனோடு பாமாலை பாடினால் போதாதோ?" என்று கேட்பார்கள். இரு சாராருக்கும் சொந்தமான ஒரு சரித்திரத்தை இந்த ஆண்டு நிறைவு மலரில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் வேதாகமத்தைத் திறப்போம். 6ஆம், 12ஆம் சங்கீதங்களின் தலைப்பில் ‘செமினீத்’ என்றொரு எபிரேயச் சொல் வருகிறது. ‘எட்டாவது’ என்பது அதன் பொருள். எட்டுச் சுரம் கீழே இறங்கிய தாழ்ந்த ஒலியை அது குறிக்கலாம் என்று விளக்கம் சொல்லும் அறிஞர்கள் உண்டு. பிற்காலத்தில் மிஷனரிமார் கொண்டுவந்த பாமாலைகளை நம் முன்னோர் நான்கு குரல்களில் பாடப் பழகினார்கள்: சொப்ரானோ, அல்ரோ, ரெனர், பேஸ். பேஸ் குரலில் பாடியவரின் இராகத்தை வீட்டுக்குப் போகும் வழியில் யாரும் முணுமுணுப்பதில்லை. ஆனால் அவர் வராத ஞாயிறு பாட்டு மெலிந்து கேட்கும். பேஸ் கிற்றார் செய்வதும் அவருடைய அதே வேலைதான்.

அந்தத் தாழ்ந்த சுரத்தை வாத்தியக் குழுக்களில் வெகுகாலம் தாங்கியது டபுள் பேஸ். ஆள் உயரத்தை மிஞ்சும் அந்தப் பெரிய மரக் கருவியைப் பெரும்பாலும் நின்றபடியே வாசிப்பார்கள். காருக்குள் ஏற்றுவதும் பாடு. கூட்டம் பெரிதானால் அதன் ஒலி கேட்காது. 1930களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் போல் ரட்மார்க் என்பவர் கிற்றாரைப் போல மார்போடு பிடித்து வாசிக்கும் மின்சார பேஸ் ஒன்றைச் செய்தார்; அது பரவவில்லை. 1951இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் ‘பிரிசிஷன் பேஸ்’ என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பிரிசிஷன் என்றால் துல்லியம். நம் வீணையில் இருப்பது போல அதன் கழுத்தில் மெட்டுகள் இருந்ததால், விரல் வைத்த இடத்தில் சுரம் பிசகாமல் வந்தது. பெயரின் காரணம் அதுவே.

தமிழ்க் காதுகளுக்கும் இந்த ஒலி அந்நியமல்ல. இளையராஜாவின் திரைப்பாடல்களில் சசிதரனும், ஏ. ஆர். ரகுமானின் பாடல்களில் கீத் பீற்றர்ஸும் வாசித்த பேஸைப் பெயர் தெரியாமலே நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம்.

பிள்ளைகளே, பேஸ் கிற்றாரின் மிகத் தடித்த தந்தி ஒரு செக்கனில் ஏறக்குறைய 41 தடவை அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலியை மண்டபம் முழுதும் கேட்கச் செய்ய, ஸ்பீக்கர் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். சாதாரண கிற்றார் அம்பிளிஃபயரில் பேஸைச் சொருகி உரக்க வாசித்தால் ஸ்பீக்கர் கிழிந்துபோகலாம். ஆகவே பேஸுக்கென்றே பலமான அம்பிளிஃபயர் தேவைப்பட்டது. இங்கேதான் நம்முடைய நகரம் கதைக்குள் வருகிறது.

1956இல் ஜாக் லோங் என்ற ட்ரம்பெட் கலைஞரும் ஜாக் மக்குவேட் என்ற ட்ரம்ஸ் கலைஞரும் ரொறன்ரோவில் ‘லோங் அன்ட் மக்குவேட்’ என்ற வாத்தியக் கடையைத் தொடங்கினார்கள். அங்கே பழுதுபார்க்கும் வேலை செய்தவர் பீற் ட்ரெய்னர். இளமையில் ரொபி ரொபட்சனோடு சேர்ந்து இசைக்குழுவில் வாசித்தவர். 1963இல் அவர் பேஸ் கிற்றாருக்காக ஓர் அம்பிளிஃபயரைக் கட்டினார். அதே ஆண்டில் அவரும் ஜாக் லோங்கும் ‘யோர்க்வில் சவுண்ட்’ நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். தாம் செய்த அம்பிளிஃபயர் எவ்வளவு உறுதி என்று பார்க்க ட்ரெய்னர் அதைக் கூரையிலிருந்து கீழே போட்டுப் பார்த்தார் என்று இன்றும் சொல்வார்கள். அந்த நிறுவனம் இப்போது நம்மவர் பலர் குடியிருக்கும் பிக்கறிங்கில் இருக்கிறது.

இந்நகரம் தந்த பேஸ் கலைஞர்களில் உலகறிந்தவர் ‘ரஷ்’ குழுவின் கெடி லீ. 1953இல் இங்கே பிறந்தார். அவருடைய பெற்றோர் போலந்து நாட்டு யூதர். நாசிகளின் வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பிக் கனடாவுக்கு வந்து, இங்கே வாழ்வைப் புதிதாகத் தொடங்கியவர்கள். 1983க்குப் பின் உடுத்த உடுப்போடு வந்திறங்கிய நம் குடும்பங்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை. அகதிகளாய் வந்தவர்களின் பிள்ளை, பின்னணியில் நிற்கும் ஒரு வாத்தியத்தை எடுத்து, ஊரே திரும்பிப் பார்க்க வாசித்தார்.

வாலிபருக்கு இரண்டு வார்த்தை. பனிக்காலத்தில் கிற்றார்ப் பெட்டியை உள்ளே கொண்டுவந்தவுடன் திறக்காதீர்கள். குளிரில் கிடந்த மரம் சட்டென்று சூடானால் வெடிக்கவும் கூடும். மூடிய பெட்டியிலேயே மெல்ல மெல்லச் சூடேறட்டும். பிறகு சுருதி சேருங்கள். அடுத்தது, பாடலின் தமிழ்ச் சொற்கள் கடைசி வாங்கில் இருக்கும் அம்மம்மாவுக்கும் கேட்க வேண்டும். அதற்காக அம்பிளிஃபயரைச் சற்றுக் குறைப்பது உங்கள் ஊழியத்தின் ஒரு பங்கு.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சரீரத்தில் பலவீனமாய்த் தோன்றும் அவயவங்களே மிகவும் தேவையானவை என்று பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதினார். எல்லாருக்கும் முன்பு வந்து கனத்த பெட்டிகளைத் தூக்கி வைத்து, எல்லாரும் போன பின்பு வயர்களைச் சுற்றிக் கட்டும் பிள்ளையை அடுத்த ஞாயிறு பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு தேநீர் கொடுங்கள். பழைய பாமாலையில் நீங்கள் பாடிய பேஸ் பகுதியை அவனுக்கோ அவளுக்கோ பாடிக் காட்டுங்கள். அதைக் கிற்றாரில் வாசிக்க அவர்களுக்கு அதிக நேரம் எடுக்காது. அடுத்த ஆண்டு நிறைவு ஆராதனையில் அந்தப் பாமாலையை இரு தலைமுறையும் சேர்ந்து பாடக் கர்த்தர் கிருபை செய்வாராக.