ஒற்றைக் குரலின் சமயப் பரப்புரை: நொண்டி நாடகங்களை முன்வைத்து

முன்னுரை

கி.பி. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் குறவஞ்சி, பள்ளு, நொண்டி நாடகம் ஆகிய இலக்கிய வகைகள் பொதுமக்களை நோக்கிச் செழித்தன. இவற்றுள் குறவஞ்சியும் பள்ளும் பல பாத்திரங்களைக் கொண்டவை. நொண்டி நாடகமோ ஒரே பாத்திரத்தின் கூற்றாக அமைவது. கை கால் இழந்த ஒருவன் அவையோர் முன் தோன்றித் தன் கதையைத் தானே பாடி நடிப்பான். தன் இழிவை எடுத்துரைத்துத் தான் பெற்ற அருளை அறிவிக்கும் அவன், இறுதியில் ஒரு சமயப் பரப்புநனாகவே நிற்கிறான். குருவோ மடமோ வழங்காத அந்த உரிமையை அவன் எங்கிருந்து பெறுகிறான் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கதையமைப்பு

நொண்டி நாடகங்கள் பெரும்பாலும் ஒரே கதைப்போக்கை உடையவை. கடவுள் வாழ்த்தை அடுத்து, நாயகன் தன் பிறப்பையும் களவுத் திறத்தையும் பெருமையாக விரிக்கிறான். பின் கணிகை ஒருத்தியிடம் மயங்கிப் பொருள் அனைத்தையும் இழக்கிறான். அவளுக்குப் பொருள் தேடும் முயற்சியில் குதிரை திருடச் சென்று பிடிபடுகிறான். மாறுகால் மாறுகை வாங்கும் தண்டனை அவனுக்குக் கிடைக்கிறது. வள்ளல் ஒருவரின் ஆதரவும் அறிவுரையும் பெற்றுத் திருத்தலத்தை அடைந்து வழிபட, இழந்த உறுப்புகள் மீண்டும் வளர்கின்றன.

இதற்குரிய யாப்பு நொண்டிச் சிந்து. இடையில் தனிச்சொல் பெற்று நடக்கும் அதன் ஓசையை ஊனமுற்றவனின் நடையோடு ஒப்பிட்டு விளக்குவதுண்டு. பாடுவோனின் உடலும் பாட்டின் நடையும் ஒன்றையொன்று நினைவூட்டுவதால், துணைப் பாத்திரமின்றியே மேடை நிறைகிறது.

உடலே சான்று

கல்வியால் பேசுவோர் நூலை மேற்கோளாகக் காட்டுவர். நொண்டி தன் உடலைக் காட்டுகிறான். அவன் சொல்லும் அறத்தில் புதுமை எதுவும் இல்லை. களவு தீது, காமம் கெடுக்கும், இறைவன் காப்பான் என்பன கேட்போர் முன்பே அறிந்தவை. ஆயினும் அவற்றால் கெட்டவனே வந்து சொல்வதால் அவை செவியேறுகின்றன. களவையும் கணிகையர் தெருவையும் இந்நாடகங்கள் நீள விரிப்பதை அவற்றின் குறையாகக் கொள்வோர் உண்டு. அப்பகுதி சுருங்கினால் மனமாற்றத்தின் எடையும் குறையும். தான் வீழ்ந்த ஆழத்தைக் காட்டாதவனால் தன்னைத் தூக்கிய கையின் வலிமையைக் காட்ட இயலாது.

அரசும் இறையும்

உறுப்பை வெட்டுவது அரசு; அதனை மீட்டுத் தருவது இறை. தண்டனை அநீதியானது என நாயகன் வாதிடுவதில்லை. தன் வினையின் பயனாகவே அதனை ஏற்கிறான். எனினும் வெட்டப்பட்ட கால் மீண்டும் வளரும்போது அரசின் தீர்ப்பு இறுதியானது அன்று என்பது புலப்படுகிறது. தண்டனை குற்றத்தை மட்டும் கண்டது. அருள் குற்றவாளியைக் கண்டது. எளிய மக்கள் நேருக்கு நேர் கேட்க இயலாத ஒரு கேள்வியை இக்கதை முடிவு எழுப்புகிறது எனலாம்.

சமயங்கடந்த வடிவம்

திருச்செந்தூர் நொண்டி நாடகம் முருகன் அருளைப் போற்றுகிறது. சீதக்காதி நொண்டி நாடகத்தில் கீழக்கரை வள்ளல் சீதக்காதி நாயகனை ஆதரிக்கிறார். நாயகன் இசுலாத்தைத் தழுவி மக்கா சென்று நலம் பெறுகிறான். செந்தூருக்குரிய இடத்தில் மக்கா அமைந்தபோதும் கதையின் எலும்புக்கூடு மாறவில்லை. தஞ்சையில் சுவார்ட்சு ஐயரிடம் பயின்ற வேதநாயக சாத்திரியார் (1774–1864) பெத்தலகேம் குறவஞ்சியோடு ஞான நொண்டி நாடகமும் இயற்றினார். ‘ஞான’ என்னும் அடை, உடல் ஊனத்தை ஆன்மாவின் ஊனமாகக் கொள்ளும் உருவக நோக்கை உணர்த்துகிறது. மூன்று சமயத்தாரும் ஒரே வடிவத்தை ஏற்றமைக்குக் காரணம், அது கொள்கையை விளக்குவதைவிட வாழ்க்கை மாறியதைக் காட்டுவதில் வல்லதாக இருந்தமையே.

பேசாத பெண்

ஒற்றைக் குரலின் வலிமையே அதன் வரம்பும் ஆகும். நாயகனைக் கெடுத்தவளாகக் காட்டப்பெறும் கணிகை மேடையில் தோன்றித் தன் பக்கத்தைச் சொல்ல இடமில்லை. அவள் பேச்சும் செயலும் அவன் வாய்மொழியாகவே அவைக்கு வருகின்றன. களவு அவனது தொழிலாக முன்பே இருந்தும், வீழ்ச்சியின் பழி பெரிதும் அவள்மேல் விழுகிறது. அவனுக்கு மன்னிப்பு உண்டு; அவளுக்குக் கதையில் மீட்சி இல்லை. அருளைப் பொதுவெனப் பரப்பும் நாடகம் அதனைப் பகிர்வதில் இவ்வாறு ஓரவஞ்சனை செய்கிறது.

முடிவுரை

நொண்டி நாடகம் மேடையிலிருந்து மறைந்தாலும் அதன் யாப்பு மறையவில்லை. பாரதியார் ‘பாரத ஜனங்களின் தற்கால நிலைமை’ என்னும் பாடலில் நொண்டிச் சிந்தைக் கையாண்டார். தனியொருவன் தன் வீழ்ச்சியைச் சொல்லி வருந்திய நடை அங்கு நாட்டின் வீழ்ச்சிக்கு வருந்தும் நடையாயிற்று. நொண்டி நாடகங்களைச் சிற்றிலக்கியப் பட்டியலில் ஒரு பெயராக மட்டும் குறித்துச் செல்லாமல், தனிநபர் நிகழ்த்துகலையாகவும் சமயப் பரப்புரையாகவும் ஒருசேர வைத்து ஆராய்தல் வேண்டும். அவ்வாறு ஆராயும்போது மேடையில் பேசியவனோடு, பேச இடம் பெறாதவளையும் கணக்கில் கொள்ளுதல் இன்றியமையாதது.