திரையோரத்து எண்



2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் போட்டியின் 14ஆவது, கடைசி ஆட்டம். சென்னைப் பையன் குகேஷும் சீனாவின் டிங் லிரனும் ஆளுக்கு 6.5 புள்ளி. கறுப்புக் காயில் ஆடிய குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். ஆனாலும் திரையோரத்துப் பட்டை நடுவிலேயே நின்றது; எண் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது. "டிராதான் தாத்தா, ஆஃப் பண்ணிடுங்க" என்றான் பேரன்.

அந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு, பிள்ளைகளே.

1950இல் அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன், கணினியைச் செஸ் ஆட வைப்பது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ராணிக்கு 9, யானைக்கு 5, பிஷப்புக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1. துணையின்றித் தனித்து நிற்கும் சிப்பாய்க்கு அரைப் புள்ளி குறைவு. நகர வழி அதிகமிருந்தால் கொஞ்சம் கூடுதல். வெள்ளையின் கூட்டுத்தொகையில் கறுப்பின் கூட்டுத்தொகையைக் கழித்தால் கிடைப்பதுதான் மதிப்பு. கூட்டல் குறி என்றால் வெள்ளைக்குச் சாதகம், கழித்தல் என்றால் கறுப்புக்கு.

ஆலன் டூரிங் எழுதிய செஸ் நிரலை ஓட்ட அன்று தக்க கணினி இல்லை. 1952இல் அவரே காகிதத்தில் கணக்குப் போட்டு, தாமே இயந்திரமாக ஆடினார். ஒரு நகர்வுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம். தோற்றும் போனார். 1997இல் காஸ்பரோவை வென்ற டீப் புளூ, ஒரு நொடியில் 20 கோடி நிலைகளை அலசியது.

வெகுகாலம் +1.00 என்றால் ஒரு சிப்பாய் அளவு சாதகம் என்றே பொருள். 2020 முதல் ஸ்டாக்ஃபிஷ் நிரலில் நரம்பு வலையமைப்பு வந்தது. 2022 டிசம்பரில் வந்த 15.1 பதிப்பில் அந்தப் பொருளே மாறியது. தன்னைப் போலவே பலமுள்ள எதிரியோடு ஆடினால், வெல்ல 50 சதவீத வாய்ப்பு. அதுதான் இப்போது +1.00.

"தன்னைப் போலவே பலமுள்ள" என்பதைக் கவனியுங்கள். பூஜ்யம் என்றால், இருவரும் ஒவ்வொரு முறையும் சரியாக ஆடினால் சமம். மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவரின் களைப்பும், கடிகாரம் தரும் பதற்றமும் அந்தக் கணக்கில் இல்லை.

குகேஷ் சமாதானமாகப் போகவில்லை; டிங்கை யோசிக்க வைத்துக்கொண்டே இருந்தார். 55ஆவது நகர்வில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானைகள் வெட்டுப்பட்டன. அடுத்துப் பிஷப்புகளும் வெட்டுப்பட்டால், மிஞ்சும் சிப்பாய் ஆட்டம் கறுப்புக்கே வெற்றி. பட்டை சட்டென்று கறுப்பானது. 58ஆவது நகர்வோடு ஆட்டம் முடிந்தது. 18 வயதில் உலக சாம்பியன்!

நல்லவேளை, டிவியை நான் அணைக்கவில்லை.

இத்தனை ஆண்டுகள் நானும் விடைத்தாளில் சிவப்பு மையால் எண் போட்டவன்தான். 35 போட்ட சில பிள்ளைகளைப் பற்றி அன்றே மனதுக்குள் முடிவும் கட்டியிருக்கிறேன். அவர்களில் சிலர் இன்று இதைப் படிக்கிறீர்கள். என் கணக்கு தவறிப்போனதில் எனக்குத்தான் மகிழ்ச்சி.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்