திருச்சியிலிருந்து வந்த அந்த மெட்டு



சென்ற மாதம் நமது கொம்பனித்தெருவின் மூத்த ஹாஜியார் ஒருவரைச் சுகம் விசாரிக்கப் போயிருந்தோம். எண்பது வயதைத் தாண்டியவர். மறதி கூடி, பிள்ளைகளின் பெயர்களே தடுமாறுகின்றன. ஆனால் ஒரு மெட்டை மட்டும் விடாமல் முணுமுணுக்கிறார். அதில் சொல்லே இல்லை.

"சேர், எந்நேரமும் இதுதான். என்ன பாட்டெண்டு தெரிஞ்சா வாப்பாவுக்குப் போட்டுக் காட்டலாம்" என்றார் மகள்.

போனில் பதிந்து தேடினோம். சம்பந்தமில்லாத ஹிந்திப் பாட்டுகள் வந்தன. தேத்தண்ணிக் கடையில் கேட்டோம். இலங்கை வானொலி ஹிந்திச் சேவை என்றார் ஒருவர், பழைய படத்தின் பின்னணி இசை என்றார் இன்னொருவர். கடைசியில் ஹாஜியாரிடமே, "இதை எங்க கேட்டீங்க?" என்றோம்.

"சுபஹு தொழுதிட்டு வந்து வாப்பா ரேடியோவைத் திருகுவார். முதல்ல இது வரும். பிறகுதான் திருச்சி."

முடிச்சு அவிழ்ந்தது. அது பாட்டே அல்ல, அகில இந்திய வானொலியின் தொடக்க இசை. தம்புராவின் சுருதிமேல் வயலின் திரும்பத் திரும்ப வாசிக்கும், அன்றைய ஒலிபரப்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகும். திருச்சி நிலையம் 1939 மே 16இல் தொடங்கியது. மத்திய அலை கடல்மேல் நன்றாகப் பயணிக்கும். நமது இலங்கை வானொலியைத் தமிழ்நாடே கேட்டதும், பீ.எச். அப்துல் ஹமீத் அவர்களின் குரல் அங்கே வீடு வீடாக ஒலித்ததும் நமக்குத் தெரியும். அதே கடலைத் தாண்டித்தான் திருச்சியும் இங்கே வந்தது.

அந்த மெட்டை அமைத்தவர் வால்டர் காஃப்மன் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. வேறு பெயர்களைச் சொல்வோரும் உண்டு. காஃப்மன் 1907இல் இன்றைய செக் நாட்டின் கார்ல்ஸ்பாத் நகரில் பிறந்த யூதர். ஹிட்லர் ஜெர்மனியில் ஆட்சிக்கு வந்த மறு வருடம், 1934இல், பம்பாய்க்கு வந்து சேர்ந்தார். இந்திய இசைத்தட்டுகளை முதலில் கேட்டபோது அவருக்கு அவை பிடிக்கவில்லை. இத்தனை பேர் விரும்பும் இசை தனக்கு விளங்கவில்லையென்றால் குறை தன்னிடமே இருக்கவேண்டும் என்று எண்ணி, அங்கேயே தங்கிப் படித்தார். 1937 முதல் 1946 வரை பம்பாய் வானொலியில் பணியாற்றினார். அந்த வயலினை வாசித்தவர் மெஹ்லி மேத்தா என்பார்கள். அவர் பார்ஸி, உலகப் புகழ் பெற்ற சுபின் மேத்தாவின் தகப்பனார். மெட்டில் சிவரஞ்சனி ராகத்தின் சாயல் உண்டென்று இசை அறிந்தோர் சொல்வர். பின்னாளில் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கற்பித்த காஃப்மன், வட இந்திய, தென்னிந்திய ராகங்களைப் பற்றிப் பெரிய நூல்களை எழுதிவிட்டு 1984இல் காலமானார்.

ஊரை இழந்து வந்த ஒரு யூதர் அமைத்ததை ஒரு பார்ஸி வாசிக்க, திருச்சி ஒலிபரப்ப, கொம்பனித்தெருவில் ஒரு முஸ்லிம் வீடு அதைக் கேட்டு விடிந்திருக்கிறது. நமக்கு இது புதினமில்லை. ஒல்லாந்தர் அடிமைகளை அடைத்துவைத்த இடம் இது. ஜாவாவிலிருந்தும் மற்றத் தீவுகளிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்களின் மலாய்ப் பரம்பரை இன்றும் நம் பக்கத்து வீட்டில் இருக்கிறது. எங்கிருந்தோ வந்தவர்கள் சேர்ந்துதான் இந்த ஊர்.

மறுநாள் அந்த இசையை ஹாஜியாருக்குப் போட்டுக் காட்டினோம். நிமிர்ந்து உட்கார்ந்தார். வாப்பாவின் ரேடியோ எந்த மூலையில் இருந்தது, யார் யார் கேட்க வருவார்கள், உம்மா ப்ளேன்டீயோடு என்ன வைப்பார் என்றெல்லாம் சொன்னார். பாதிப் பேரை மகளுக்கே தெரியாது. அந்த வீடு இருந்த தோட்டம் இன்று இல்லை, அங்கே மாடிக் கட்டடம் நிற்கிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது மெட்டை முணுமுணுத்தால், "எங்க கேட்டீங்க?" என்று ஒருதரம் கேளுங்கள். சொல்வதைப் பதிந்து வையுங்கள். நம் லேன்களின் வரலாற்றை அவர்களைத் தவிர வேறு யாரும் எழுதி வைக்கவில்லை.

ஹாஜியாரின் ஆஃபியத்துக்காக துஆச் செய்யுங்கள்.