சோழவரத்துக் கார்

பழைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று எங்கள் ஏனாத்தூரில் விலைக்கு வந்தது. “சோழவரத்திலே பந்தயம் ஓடின வண்டி, ஸார்!” என்று சொல்லித் தரகர் விலையில் ஒரு லட்சத்தை ஏற்றினார்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது போட்ட விமான ஓடுதளம்தான் சோழவரம். 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. இறக்குமதிக்குக் கெடுபிடி இருந்த காலம். பந்தயப் பிரியர்களுக்குப் பழைய காரே கதி. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டைக்கூடத் திருத்தி ஓட்டினார்கள். 1990-ல் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குக் குடிபெயர்ந்தது.

எல்லாம் சரி, இந்த வண்டி ஓடியதற்கு அத்தாட்சி? ஆர்.சி. புத்தகத்தில் பந்தயத்தை எழுதமாட்டார்கள். ஜரிகையானால் உரசிப் பார்க்கலாம். கதை விற்றுப் பிழைக்கிற என்னிடமே கதை விற்கிறாரே மனுஷர்!

முன்பணத்தைக் கொடுக்காமல் திரும்பினேன். இரவெல்லாம் அந்த எஞ்சின் காதில் உறுமிக்கொண்டேயிருந்தது.