கால் போனால் உயிர் போகுமா?

முதுகுத்தண்டு அடிபட்டால் கால் செயலிழக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு காலத்தில் அப்படி அடிபட்டவர்களில் பலர் இறந்தது சிறுநீரகம் கெட்டுத்தான்! எப்படி?

மூளையோடு தொடர்பு அறுந்ததும் சிறுநீர்ப்பை தன்னிஷ்டத்துக்கு இறுகும். வாயிலோ சரியாகத் திறக்காது. அழுத்தம் கூடி சிறுநீர் மேலே திரும்பும். கிருமியும் சேர்ந்தால் சிறுநீரகம் பழுதாகும்.

1944ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் லுட்விக் குட்மன் இந்த நிலையை மாற்றத் தொடங்கினார். நம் பக்கம் அந்த வேலையை எடுத்துக்கொண்டவர் வேலூர் சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ். 1954ல் கார் விபத்தில் அவருக்கே கால்கள் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1966ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் உருவாக அவரே காரணம்.

சரி, மருந்து என்ன செய்கிறது? பையை இறுகச் சொல்வது அசிட்டைல்கோலின். அதைத் தடுக்கும் ஆக்சிபியூட்டினின் மாத்திரைக்கு 1975ல் அமெரிக்கா அனுமதி தந்தது. வாய் உலரும், மலச்சிக்கல் வரும். மாத்திரை பலிக்காதவர்களுக்குப் பையின் சுவரில் போடும் போட்டுலினம் ஊசி அங்கே 2011ல் அனுமதி பெற்றது.

மருந்து பையைத் தளர்த்தும், காலி செய்யாது. அதற்குக் குழாய் வேண்டும். சுத்தமான கையால் நோயாளியே குழாய் விட்டுக்கொள்ளலாம் என்று 1972ல் லாபிடஸ் காட்டினார்.

செஞ்சிப் பக்கம் பனையிலிருந்து விழுந்தவரைப் பார்க்கப் போனால் "கால் அசையுதா?" என்றுதான் கேட்கிறோம். சிறுநீர் பற்றியும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். இதில் வெட்கம் எதற்கு? மேரி வர்கீஸ் விபத்துக்குப் பின் 32 ஆண்டுகள் வாழ்ந்தார்.