சுட்டவர் சொன்ன செய்தி: பத்தாங் காலி 1948



அண்மையில் ஆறாம் ஆண்டு வகுப்பில் நாளிதழ் வாசிப்பு நடந்தது. பாராங் கத்தியுடன் பாய்ந்தவர்களைப் போலீசார் தற்காப்புக்காகச் சுட்டனர் என்பது ஒரு செய்தி. வாசித்து முடித்ததும் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, இதை யார் பார்த்தது?" என்று கேட்டான். பத்திரிகைதான் போட்டிருக்கிறதே என்று சொல்லி அவனை உட்கார வைத்துவிட்டேன். அது விடையாகாது என்பது வீடு திரும்பும் வழியெல்லாம் உறுத்திக்கொண்டே இருந்தது. அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய வரலாற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையைப் பேசுகின்றன. மெக்காலே வரைந்து 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டமே இதற்குத் தாய். நம் தாத்தா பாட்டிமார் கப்பலேறி வந்ததைப் போலவே இதுவும் அங்கிருந்து வந்ததுதான்! உயிருக்கோ உடலுக்கோ கொடுந்தீங்கு நேரும் என்று நியாயமாக அஞ்சுபவன் தாக்குபவனைக் கொல்லவும் நேரலாம் என்று அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்கிறது 99ஆம் பிரிவு. ஆபத்து குறித்த அச்சம் தொடரும்வரைதான் அவ்வுரிமையும் தொடரும் என்கிறது 102ஆம் பிரிவு. புறமுதுகிட்டு ஓடுபவனைச் சுட்டுவிட்டு, அவன் ஓடினான் என்பதை மட்டும் சொல்லித் தற்காப்பு என வாதிடுவது எளிதன்று.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1948 ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் அந்தக் காலத்தைக் கண்ட பெரியவர்கள் லயங்களைச் சுற்றி அடித்த முள்வேலியையும், பால்மரம் வெட்டப் போகுமுன் நடந்த சோதனையையும் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்றது அவசரகால ஒழுங்குவிதி. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி அதன்படிதான் 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். துப்பாக்கியைக் கையில் வைத்திருந்ததற்கே உயிர் போன காலம் அது. அதே காலத்தில் அரசாங்கத் துப்பாக்கி சுட்டபோது என்ன நடந்தது?

சிலாங்கூரின் உலு சிலாங்கூர் மாவட்டத்தில் பத்தாங் காலிக்கு அருகே சுங்கை ரெமோக் தோட்டம் இருந்தது. சீனப் பால்மரத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு அங்கு வாழ்ந்தனர். 1948 டிசம்பர் 11ஆம் நாள் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவின் ஒரு சுற்றுக்காவல் அணி அங்கே நுழைந்தது. ஆண்களைத் தனியே பிரித்து அடைத்தனர். அன்று மாலையே ஓர் இளைஞர் சுடப்பட்டார். மறுநாள் காலை பெண்களையும் பிள்ளைகளையும் லாரியில் ஏற்றி அப்புறப்படுத்தினர். பின்னர் ஆண்கள் 23 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். குடிசைகள் கொளுத்தப்பட்டன. ஆக மொத்தம் 24 உயிர்கள். மயங்கி விழுந்த ஒருவர் மட்டும் பிழைத்தார். நாள்கள் கழித்துத் திரும்பி வந்த பெண்கள் கண்டவை அழுகத் தொடங்கிய உடல்களே.

செய்தித்தாளில் வந்ததோ வேறு. 'கொள்ளையர்கள்' சுட்டு வீழ்த்தப்பட்டனர், இதுவரையிலான நடவடிக்கைகளில் இது பெருவெற்றி என்ற தோரணையில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் முதலிய ஆங்கில ஏடுகள் அச்சிட்டன. செய்தியாளர் எவரும் அந்த இடத்தில் இல்லை. படைத்தரப்பு சொன்னதே செய்தியாயிற்று. 'கொள்ளையர்' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். அரசாங்கம் தன் எதிரிகளுக்கு வைத்திருந்த பெயர் அது. 1952இல்தான் அதைக் கைவிட்டுக் 'கம்யூனிஸ்டுப் பயங்கரவாதிகள்' என்று மாற்றினார்கள். விசாரணை ஏதுமின்றி, ஒரே சொல்லில் 24 பேருக்கும் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

இறந்தவர்கள் தொழிலாளர்கள் என்ற முறையீடு எழுந்தது. சீனத் தூதரகம் விசாரணை கோரியது. தோட்ட நிர்வாகமும் அவர்களுடைய நன்னடத்தைக்குச் சான்று கூறியது. ஆயுதம் எதுவும் அவர்களிடமிருந்து கைப்பற்றப்படவில்லை. அப்போதுதான் அரசுத் தரப்பின் கதை வேறு வடிவம் எடுத்தது. பிடித்து வைக்கப்பட்டவர்கள் ஒரே நேரத்தில் தப்பியோட முயன்றதால் சுட நேர்ந்தது என்றார்கள். 1949 ஜனவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலும் குடியேற்ற நாடுகளின் அமைச்சர் ஆர்தர் கிரீச் ஜோன்ஸ் இதையே சொன்னார். 23 பேர் ஓடினார்களாம். ஒருவர்கூடத் தப்பவில்லை, ஒருவர்கூடக் காயத்தோடு பிடிபடவும் இல்லை! கணக்குப் பாடம் நடத்துகிறவனுக்கு இது இடிக்கத்தான் செய்யும்.

இதைவிட என்னை வியக்க வைத்தது, அதே ஜனவரியில் வந்த 27ஏ என்னும் ஒழுங்குவிதி. கைதாவதிலிருந்து தப்ப முயல்பவரைத் தடுக்க உயிர்க்கொல்லி ஆயுதத்தைப் பயன்படுத்தலாம் என்று அது அனுமதித்தது. அதோடு நிற்காமல், முன்பே நடந்த அத்தகைய செயல்களையும் சட்டப்படியானவை ஆக்கியது. இருந்த சட்டம் போதுமென்று நம்பியிருந்தால் பின்னோக்கிச் செல்லும் இந்த விதி எதற்கு? சட்டத்துறைத் தலைவரும் விசாரித்து, படைவீரர்கள் மீது குற்றமில்லை என்று முடித்துவிட்டார்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கதை நிலைத்தது. வியட்நாமின் மை லாய் படுகொலை வெளிவந்த பிறகு, 1970 பிப்ரவரி 1ஆம் நாள் பிரிட்டனின் 'பீப்பிள்' ஞாயிறு ஏடு பத்தாங் காலியைப் பற்றி எழுதியது. அன்றைய வீரர்கள் சிலர், அந்த ஆட்கள் தப்பியோடவில்லை, சுட்டுக் கொல்லப்பட்டனர் என்று உறுதிமொழி வாக்குமூலம் அளித்திருந்தனர். பத்திரிகைகளின் மீது பழி போடும் இக்கட்டுரையில் இதையும் சொல்லியாக வேண்டும்: பொய்யை நிலைநிறுத்தியதும் பத்திரிகை, அதைக் கலைத்ததும் பத்திரிகைதான். பிரிட்டிஷ் தற்காப்பு அமைச்சர் டெனிஸ் ஹீலி விசாரணைக்கு உத்தரவிட்டார். ஜூன் மாதத் தேர்தலில் ஆட்சி மாறியது. லண்டன் துப்பறிவாளர்கள் மலேசியாவுக்கு வராமலே விசாரணை கைவிடப்பட்டது.

குடும்பத்தார் விடவில்லை. 1993இல் மகாராணியாருக்கு மனுச் செய்தனர். பிறகு லண்டன் நீதிமன்றங்களை நாடினர். அது வேண்டுமென்றே செய்யப்பட்ட கொலை என்பதற்குச் சான்றுகள் உண்டென 2012இல் உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் பொது விசாரணைக்கு ஆணையிடவில்லை. 2015 நவம்பர் 25ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஐவரில் ஹேல் பெருமாட்டி ஒருவரே மாறுபட்டுத் தீர்ப்பளித்தார். தந்தையை இழந்தபோது பிள்ளைகளாயிருந்தவர்கள் அதற்குள் முதியவர்களாகிவிட்டனர்.

இது வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2010 ஏப்ரலில் ஷா ஆலாமில் 14 வயது மாணவன் ஒருவன் காரோட்டிச் சென்றபோது போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டான். காரில் பாராங் இருந்தது, காரைப் பின்னோக்கிச் செலுத்தித் தாக்க வந்தான் என்று முதல் நாள்களில் சொல்லப்பட்டது. உடன் சென்ற இன்னொரு சிறுவன் உயிரோடு இருந்ததால் வேறொரு தரப்பும் மக்கள் காதில் விழுந்தது. சுட்ட காவலருக்கு 2011இல் ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2012இல் மேல்முறையீட்டில் விடுதலையானார். காவலர் ஆபத்தான தொழில் செய்பவர்கள். உண்மையாகவே தற்காத்துக்கொள்ள நேரும் நொடிகள் அவர்களுக்கு உண்டு. அதை மறுக்க நான் வரவில்லை. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துப் புறம்போக்குகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்த நம் பிள்ளைகளின் பெயர்கள் இத்தகைய செய்திகளில் அடிக்கடி வருவதால்தான் இதை எழுதுகிறேன். மகன் போன துக்கத்தோடு, 'குண்டர்' என்ற அச்செழுத்தையும் சுமக்கும் தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள்.

திங்கட்கிழமை அந்த மாணவனை அழைத்து, அதே நாளிதழ்த் துண்டைக் கொடுத்தேன். செய்தியில் எவரெவர் சொன்னது இருக்கிறது என்று சிவப்பு மையால் கோடிடச் சொன்னேன். மூன்று இடங்களில் கோடிட்டான். மூன்றும் போலீஸ் அதிகாரி சொன்னவை. "மத்தவங்க சொன்னது எங்கே ஐயா?" என்று தாளைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்தில் மின்விசிறி விளம்பரம் இருந்தது.